கிக் அடித்து ஓய்ந்தவர்களுக்கு: பழைய ஸ்ப்ளெண்டரில் பெட்ரோல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க

எங்கள் வீட்டு ஸ்ப்ளெண்டர் 2002 மாடல், அப்பா வாங்கியது. அவர் ஸ்கூட்டருக்கு மாறிய பிறகு எட்டு மாதம் மாடிப்படிக்கு அடியில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. எடுத்து ஓட்டலாம் என்று நான் கிளப்பியபோதுதான் தலைவலி ஆரம்பித்தது. காலையில் இருபது, முப்பது கிக் அடித்தால் ஒருவழியாக உயிர் வரும். தெருமுனை தாண்டி, டீக்கடை தாண்டி, சரியாக மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கி நின்றுவிடும். பத்து நிமிஷம் ஓரங்கட்டி நின்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். ஒரு பட்டறையில் பிளக் மாற்றினார்கள், அப்புறம் காயில் மாற்றினார்கள், மூன்றாவது தடவை போனபோது கார்புரேட்டரையே மாத்தணும் தம்பி என்றார்கள். கடைசியில் மேம்பாலத்தில் நிற்கிற கோளாறு டேங்க் மூடியில் இருந்தது. குண்டூசி நுழைகிற அளவு ஓட்டை ஒன்று அழுக்கில் அடைத்துக் கிடந்தது, அவ்வளவுதான்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட முறை ஒன்றே ஒன்று. பெட்ரோல் டேங்கில் கிளம்பி என்ஜினுக்குள் போகிற வழியை மேலிருந்து கீழே ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும், எங்கே நிற்கிறதோ அங்கே கை வைக்க வேண்டும். கார்புரேட்டரை, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற பாகத்தை, கழற்றுவது கடைசி வேலை. புதிதாக ஸ்பேனர் பிடிப்பவர்கள் முதல் வேலையாக அதைத்தான் கழற்றுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், ஒரு ஸ்குரூவின் தலையைத் தேய்த்ததுதான் மிச்சம்.

நான் சொல்வது ஸ்ப்ளெண்டரை வைத்து. அதே 97.2 சிசி என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, பழைய பேஷன் வண்டிகளுக்கும் இது அப்படியே பொருந்தும். கார்புரேட்டர் உள்ள மற்றப் பழைய வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டர் இல்லாத ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், அவற்றுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

முதலில் எந்த நோய் என்று பாருங்கள்

ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்து, ஆன பிறகு நன்றாக ஓடுகிற வண்டி ஒரு வகை. எளிதாக ஸ்டார்ட் ஆகி, ஒன்றிரண்டு கிலோமீட்டரில் மூச்சடைத்து நிற்கிற வண்டி இன்னொரு வகை. இரண்டையும் சேர்த்து ‘பெட்ரோல் வரல’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், ஆனால் இரண்டும் வேறு வேறு.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டியை 60 வேகத்தில் ஓட்டினால் மணிக்கு ஒரு லிட்டர், அதாவது நிமிஷத்துக்குச் சுமார் 17 மில்லி பெட்ரோல் வேண்டும். ஸ்டார்ட் ஆகவும் ஐடிலிங்கில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் என்ஜின் ஓடுவது) நிற்கவும் இதில் சிறு பங்கு போதும், அது கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஏற்கெனவே நிறைந்திருக்கும். அதனால் மேலே டேங்க் பக்கம் அடைப்பு இருந்தாலும் வண்டி ஒழுங்காகக் கிளம்பும், கிண்ணத்தில் உள்ளது தீர்ந்ததும் நிற்கும், நின்ற நேரத்தில் சொட்டுச் சொட்டாக மறுபடி நிறைந்து திரும்ப ஓடும். ஆக, ஓடி நிற்கிற வண்டிக்குக் கோளாறு பெரும்பாலும் மூடி, டேப் (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற குழாய்), டியூப், இந்த மூன்றில் ஒன்றில்தான். ஸ்டார்ட்டே ஆகமாட்டேன் என்கிற வண்டிக்குப் பெரும்பாலும் பிளக், சோக் (ஸ்டார்ட் ஆக காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவது), பைலட் ஜெட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகிற பொடித் துளை), ஏர் லீக், டேப்பெட் (வால்வு இடைவெளி). என் வண்டிக்கு இரண்டு நோயும் ஒன்றாக வந்திருந்தது, அதனால்தான் பட்டறையிலும் குழம்பிவிட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

வேலையை வெட்டவெளியில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது, வாசலில் விளக்கு எரிந்தால் அதுவும் கூடாது. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் பிடிக்க மூடியுள்ள பாட்டில், கை துடைக்கப் பழைய பனியன், ஒரு வாளி மணல் இருந்தால் நல்லது. பெட்ரோலில் பிடித்த தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கருவியைத் தொடும் முன்பு

வண்டியை டபுள் ஸ்டாண்டில் போடுங்கள். சாவி ஆன், டேப் ஆன், சோக் முழுசாக. இப்போது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் நிதானமாக, கிக்கரைக் கடைசி வரை அழுத்தி நாலைந்து கிக். சோக்கைப் போட்டுக்கொண்டே ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறவர்கள்தான் அதிகம். முறுக்கினால் கூடுதல் காற்று உள்ளே போய், சோக் போட்டதே வீணாகிவிடும். அது பாதி வண்டிகளின் ‘கோளாறு’. கிளம்பி அரை நிமிஷம் ஒரு நிமிஷத்தில் சோக்கை மெல்ல எடுத்துவிடுங்கள்.

அடித்து அடித்துப் பெட்ரோல் வாடை தூக்கினால் என்ஜினுக்குள் பெட்ரோல் கூடிவிட்டது என்று அர்த்தம். டேப்பை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டு ஏழெட்டு கிக் அடித்தால் வெளியேறிவிடும்.

இன்னொரு விஷயம். வண்டியை ஒரு பக்கமாகப் படுக்கப் போட்டு நிமிர்த்தினால் ஸ்டார்ட் ஆகும் என்று ஒரு வைத்தியம் ஊர் முழுக்க உண்டு. உண்மையிலேயே சில நேரம் ஆகும். காரணம் மந்திரம் இல்லை, கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் தாறுமாறாக வழிந்து என்ஜினுக்குள் போகிறது, சோக் செய்ய வேண்டிய வேலையை அது செய்கிறது. உங்கள் வண்டி அப்படிப் படுக்கப் போட்டால் மட்டும் ஸ்டார்ட் ஆகிறது என்றால் சோக் சரியாக மூடவில்லை அல்லது பைலட் ஜெட் அடைத்திருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது.

பிளக்

பத்து கிக் அடித்த கையோடு பிளக்கைக் கழற்றுங்கள். ஸ்ப்ளெண்டருக்கு 16 மி.மீ. பிளக் ஸ்பேனர். முனையைப் பாருங்கள். ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட்தான் சந்தேகம். காய்ந்து கிடந்தால் பெட்ரோலே வரவில்லை. அரை மணி நேரம் அலைவதை இந்த ஒரு பார்வை மிச்சம் பிடிக்கும்.

கரண்ட் பார்க்க: பிளக் ஓட்டையைத் துணியால் மூடி, பிளக்கை அதன் கேப்பில் செருகி, உலோக உடம்பு என்ஜின் ஹெட்டில் படும்படி ஓட்டையிலிருந்து தள்ளி வைத்து, ரப்பரைப் பிடித்துக்கொண்டு சாவியைப் போட்டு ஒரு கிக். நீலமாக, ‘டிக்’ என்ற சத்தத்தோடு பொறி வந்தால் சரி. மஞ்சளாக, சோம்பலாக வந்தால் முதலில் பிளக்கை மாற்றிப் பாருங்கள், அது விலை குறைந்த பொருள். இந்தச் சோதனையைப் பெட்ரோல் டியூப்பைக் கழற்றும் முன்பே செய்துவிட வேண்டும், கழற்றிய பிறகு செய்யாதீர்கள்.

நிறமும் பேசும். காபிப்பொடி நிறம் என்றால் கலவை சரி. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது எங்கோ காற்று புகுகிறது. கரியை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து ஓட்டலாம், ஆனால் அது வீடு போய்ச் சேரத்தான்.

டேங்க் மூடி

பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் சின்ன வழி ஒன்று விட்டிருப்பார்கள். அது அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டப்பாவில் ஒரே ஓட்டை போட்டு எண்ணெய் ஊற்றிப் பாருங்கள், அதே கதைதான்.

வண்டி நின்றதும், அந்த நிமிஷமே, மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டு, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் கண்டுபிடித்துவிட்டீர்கள். மேம்பாலத்து அடியில் நான் பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கத் திறந்தேன், புஸ் என்றது, முதல் கிக்கில் எடுத்தது. மூடியைக் கழற்றி அடிப்பக்கம் உள்ள ஓட்டையில் பங்சர் கடையில் ஏர் அடித்தால் போதும். என்னுடையதில் மெழுகு பாலிஷும் தூசியும் சேர்ந்து களிம்பு மாதிரி உறைந்திருந்தது. வண்டியைப் பளபளப்பாக வைத்திருந்ததற்குக் கிடைத்த பரிசு!

டேங்க் வாயில் வாயை வைத்து ஊதுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உடம்புக்குக் கேடு, எச்சில் ஈரமும் உள்ளே போகும். ஊதினால் ஓடுகிறது என்றால் மூடியிலோ டேப்பிலோதான் அடைப்பு என்று தெரிந்துகொள்ளலாம், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பெட்ரோல் டேப்

டேப்பை மூடி, கார்புரேட்டர் பக்கம் டியூப்பின் கிளிப்பைக் குறட்டால் நசுக்கி நகர்த்தி, டியூப்பை உருவி, முனையை ஒரு பாட்டிலில் விடுங்கள். டேப்பைத் திறங்கள். அறுபடாத கம்பியாக விழ வேண்டும். ஒரு நிமிஷத்தில் டீ கிளாஸ் அளவு நிறைந்தாலே வண்டி கேட்பதைவிடப் பல மடங்கு அதிகம். முதலில் நன்றாக விழுந்து, போகப்போக மெலிந்தால் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் வேகம் பிடித்தால் மூடிதான் குற்றவாளி. திறந்தும் சொட்டினால் டேப்.

டேப்பிலிருந்து டேங்குக்குள் உயரமும் குட்டையுமாக இரண்டு வழி இருக்கும். உயரமானது ஆன், குட்டையானது ரிசர்வ். ரிசர்வ் குட்டையாக இருப்பதால் டேங்கின் அடியில் தங்குகிற துருவும் தண்ணீரும் அதன் வழியாகத்தான் முதலில் வரும். வருஷக்கணக்கில் ரிசர்வுக்கே போகாதவர் ஒருநாள் போட்டதும் வண்டி நின்றால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆனில் வராமல் ரிசர்வில் வந்தால் பெட்ரோல் குறைவு அல்லது ஆன் வழி அடைப்பு; முதலில் ஒரு லிட்டர் ஊற்றிப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம், நானும் ஒருமுறை அப்படிக் காலி டேங்கை வைத்துக்கொண்டு ஸ்பேனர் பிடித்திருக்கிறேன்.

பல டேப்புகளின் அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும், அழுக்கு தங்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். டேப்பை மூடிவிட்டு அதைத் திருகிக் கழற்றிக் கவிழ்த்தால் துருப்பொடியும், சில நேரம் அடியில் முத்து மாதிரி உருண்டு நிற்கிற தண்ணீரும் வரும். உள்ளே உள்ள வலையையும் கழுவுங்கள். ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உப்பியிருந்தால் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் தண்ணீரையும் உறிஞ்சும், அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் போய் உட்காரும்.

கிண்ணத்தில் துரு தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் டேங்கே அரித்திருக்கிறது. அதைக் கழற்றிக் கழுவிக் காய வைக்காமல் கார்புரேட்டரை எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் வாரத்தில் மறுபடி அடைக்கும்.

டியூப் சின்ன விஷயம். வெயிலில் காய்ந்து விறைத்திருந்தாலோ, வெடித்திருந்தாலோ, மடங்கி நசுங்கியிருந்தாலோ மாற்றுங்கள். நடுவில் ஃபில்டர் போடுகிறவர்கள் டியூப் மேலேறி இறங்குகிற மாதிரி போடாதீர்கள். இந்த வண்டியில் பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகத்தான் இறங்க வேண்டும், மேடு வந்தால் காற்று அடைத்துக்கொள்ளும்.

இனிமேல் கார்புரேட்டர்

கழற்றும் முன்பு ஒரு கடைசிச் சோதனை. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் வடிகட்டுகிற ஸ்குரூ ஒன்று உண்டு. டேப்பைத் திறந்து வைத்து, கீழே பாட்டில் பிடித்து, அந்த ஸ்குரூவைத் தளர்த்துங்கள். கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் மேலே ஃப்ளோட் ஊசி (கிண்ணம் நிறைந்ததும் மிதவை தூக்கிப் பெட்ரோலை அடைக்கிற ஊசி) ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது நுழைவாய் அடைப்பு. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கிண்ணம் வரை எல்லாம் சரி, கோளாறு ஜெட்டில். வந்த பெட்ரோலைக் கண்ணாடி கிளாஸில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். என் வண்டியில் முதலில் வந்தது வெளிறிய டீ நிறத்தில் வார்னிஷ் நாற்றம் அடித்தது. எட்டு மாதம் கிடந்த பெட்ரோல் அப்படித்தான் ஆகும், கெட்டியாகிப் பிசின் மாதிரி ஜெட்டில் படியும்.

சரி, கழற்றலாம். ஏர் ஃபில்டர் பக்கம் கிளாம்ப், என்ஜின் பக்கம் இரண்டு போல்ட், மேல்மூடியோடு ஸ்லைடும் (ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் மேலேறுகிற உருளை) ஊசியும் கேபிளோடு தொங்கும். அந்த ஊசி வளையாமல் ஒரு துணியில் சுற்றிக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். கிண்ணத்தின் ஸ்டார் ஸ்குரூக்கள் மிருதுவானவை, சரியான அளவு திருப்புளியை நன்றாக அழுத்தித் திருப்ப வேண்டும், நழுவவிட்டால் தலை மழுங்கிவிடும்.

பைலட் ஸ்குரூவை (ஐடிலிங் கலவையைச் சரிசெய்கிற ஸ்குரூ) எடுப்பதற்கு முன்பு அதை உள்ளே திருகி, எத்தனை சுற்றில் மெதுவாகப் போய் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. இறுக்கக் கூடாது, முனை ஊசி போன்றது, இறுக்கினால் அதுவும் கெடும் அது உட்காருகிற ஓட்டையும் கெடும்.

மெயின் ஜெட் பெரியது, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓட்டை பளிச்சென்று தெரியும். பைலட் ஜெட்டின் ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஸ்டார்ட்டிங், ஐடிலிங் இரண்டும் அதை நம்பித்தான் இருக்கின்றன. நான் முதலில் பார்த்தபோது அதில் வெளிச்சமே தெரியவில்லை, ஓட்டை இல்லாத ஜெட்டோ என்று நினைத்துவிட்டேன். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய ஒயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையை மெதுவாக நுழைத்தேன். நாலாவது முயற்சியில் பச்சையும் பழுப்புமாக ஒரு துணுக்கு விரலில் ஒட்டியது, ஜெட்டுக்குள் ஒரு நட்சத்திரம் தெரிந்தது. ஊக்கு, ஊசி, இரும்புக் கம்பி எதையும் விடாதீர்கள். பித்தளை தேய்ந்து ஓட்டை பெரிதானால் வண்டி ஆயுசுக்கும் பெட்ரோல் குடிக்கும். சில கார்புரேட்டரில் பைலட் ஜெட்டை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள், கழற்ற வராது. வராததைப் பிடுங்காமல் இருக்கிற இடத்திலேயே ஸ்ப்ரேயும் ஏரும் அடியுங்கள்.

ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டையில் அடித்தால் நீங்கள் எதிர்பார்க்காத இன்னொரு ஓட்டை வழியாக நேராகக் கண்ணுக்கு வரும். எல்லா வழியும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இப்படித்தான்: பைலட் வழியில் அடித்தால் ஸ்லைடு உட்காருகிற குழலுக்குள் உள்ள பொடி ஓட்டைகளில் பீய்ச்சி வர வேண்டும்.

ஃப்ளோட்டின் கம்பியைத் தள்ளி எடுத்து ஃப்ளோட் ஊசியின் முனையைப் பாருங்கள். கூம்பு வடிவ முனையில் வளையம் மாதிரி தேய்மானம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். அது சரியாக மூடாமல் ஓவர்ஃப்ளோ ஆனால் பெட்ரோல் வழிந்து கீழே சொட்டும், சில வேளை என்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடும் கலக்கும். ஆயில் குச்சியை எடுத்து மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை வருகிறதா? அப்படியானால் ஆயிலை மாற்றாமல் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

மாட்டும்போது என்ஜின் பக்கம் உள்ள ஓ-ரிங்கைக் கவனியுங்கள், அது தட்டையாகியிருந்தால் ஏர் லீக் ஆகும். ஐடிலிங் ஒரு நேரம் ஏறியும் ஒரு நேரம் இறங்கியும், ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் இறங்கத் தயங்கினால் அந்த இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். பைலட் ஸ்குரூவை நீங்கள் எழுதி வைத்த எண்ணிக்கைக்குத் திருப்பி வையுங்கள். வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு கால் சுற்று, கால் சுற்றாக இரண்டு பக்கமும் திருப்பி, ஐடிலிங் எங்கே அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே விட்டுவிட்டு, ஐடில் ஸ்குரூவில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து பெட்ரோலும் வருகிறது, கரண்டும் வருகிறது, ஆனாலும் கிளம்பவில்லை என்றால் பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு, சாவியை ஆஃப் செய்து, யாரையாவது கிக் அடிக்கச் சொல்லுங்கள். விரலைத் தூக்கி எறிகிற மாதிரி காற்று தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் டேப்பெட் இறுகியிருக்கலாம், வால்வோ ரிங்கோ தேய்ந்திருக்கலாம். டேப்பெட் மட்டும் என்றால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வைத்திருக்கிற மெக்கானிக் என்ஜின் ஆறியிருக்கும்போது சீக்கிரம் முடித்துவிடுவார். கேஜ் இல்லாமல் காதால் கேட்டே டேப்பெட் வைக்கிறேன் என்பவரிடம் நான் கொடுக்கமாட்டேன்.

வண்டியை மறுபடி ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்களா? டேப்பை மூடிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, அடிக்கிண்ணத்தின் ஸ்குரூவைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். டேங்கை நிரப்பி வையுங்கள், பாதி டேங்க்கில்தான் மழைக்கால ஈரம் துருவாகும். அப்பாவின் வண்டி போன ஐப்பசியில் அப்படித்தான் நின்றது, தை பிறந்ததும் எடுத்தபோது மூன்றாவது கிக்.